நாட்டு மருந்துக் கடை சடாமாஞ்சில் எங்கிருந்து வருகிறது? புலியைவிட மோசமான நிலையில் இருக்கும் இமயமலை மூலிகைகள்

நாட்டு மருந்துக் கடையில் போய் ஐம்பது கிராம் சடாமாஞ்சில் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து, சடை பிடித்த முடி மாதிரி பழுப்பு நிறத்தில் இருக்கும் வேரை எடுத்து, எடை போட்டு, காகிதத்தில் மடித்துத் தருவார். எண்ணெயில் போட்டுக் காய்ச்சினால் முடிக்கு நல்லது என்று பாட்டி சொல்லியிருப்பார். இப்போது அதையே இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் சொல்கிறது.

அந்தச் செடி தமிழ்நாட்டில் எங்குமே வளர்வதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 முதல் 5,000 மீட்டர் உயரத்தில், இமயமலையின் குளிர்ந்த புல்வெளிகளிலும் பாறை இடுக்குகளிலும்தான் வளரும். இந்தியா, நேபாளம், பூட்டான், சீனா என நான்கு நாடுகளில் அதன் வீடு இருக்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், அதாவது ஐயுசிஎன், தனது சிவப்புப் பட்டியலில் இதை 'மிக அருகிய' இனம் என்று வைத்திருக்கிறது. காட்டில் முற்றிலும் அழிந்துபோவதற்கு முந்தைய படி அது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல். புலி அதே பட்டியலில் 'அருகிய' பிரிவில் இருக்கிறது, அதாவது ஒரு படி பாதுகாப்பான இடத்தில். பட்டியல்படி பார்த்தால் சடாமாஞ்சிலின் நிலை புலியைவிட மோசம். ஆனால் புலிக்கு ஒரு தேசியத் திட்டம், ஆணையம், நாலு வருடத்துக்கு ஒரு கணக்கெடுப்பு எல்லாம் இருக்கிறது. வேருக்கு?

சடாமாஞ்சில் மட்டும் இல்லை. கோஷ்டம், அதிவிடயம், கடுகுரோகிணி என்று நம் ஊர்க் கடைகளில் தமிழ்ப் பெயரோடு உட்கார்ந்திருக்கும் பல சரக்குகள் இமயமலையிலிருந்து வருபவைதான். வடக்கே அவற்றை ஜடாமாஸி, கூட், அதீஸ், குட்கி என்பார்கள். பெயர் மாறிவிட்டதால், இவை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகின்றன என்பதே பலருக்குத் தெரியாது.

இந்த வணிகம் புதியதும் இல்லை. கிரேக்க மாலுமி ஒருவர் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய 'எரித்ரேயக் கடல் பயணக் குறிப்பு', சேரர்களின் முசிறித் துறைமுகம் வழியாக மேற்கே போன பொருட்களில் 'கங்கை நளத'த்தையும் சொல்கிறது. வியன்னாவில் இருக்கும் முசிறி பாப்பிரஸ் ஆவணத்திலும், ஹெர்மபோலன் என்ற ஒரே கப்பலில் 60 பெட்டி நளதம் ஏற்றப்பட்ட கணக்கு இருக்கிறது. நளதம் என்பது சடாமாஞ்சில்தான் என்பது பரவலான கருத்து. தமிழ் பைபிளில் வரும் நளததைலமும் இதுவே என்பார்கள். ஆக, இமயமலை வேரைத் தென்னிந்தியா விற்பது ரொம்பப் பழைய தொழில். எப்போதும் எடுத்துக்கொண்டுதான் இருந்தோம். எடுக்கும் வேகம்தான் மாறிவிட்டது.

'மிக அருகிய' என்று யார் சொன்னது, எப்படிச் சொன்னார்கள்?

சிவப்புப் பட்டியல் என்பது அரசு உத்தரவு இல்லை. அறிவியலாளர்கள் செய்யும் மதிப்பீடு. ஒரு இனத்தின் எண்ணிக்கை பத்து ஆண்டுகளில், அல்லது மூன்று தலைமுறைகளில், இந்த இரண்டில் எது நீளமோ அந்தக் காலத்தில் எவ்வளவு சரிந்தது என்பது அவர்கள் பார்க்கும் முக்கியமான அளவுகோல்களில் ஒன்று. குறைவதற்கான காரணம் இன்னும் நீங்காத நிலையில், 30 சதவீதம் சரிந்திருந்தால் 'அழிவாய்ப்புள்ளது', 50 சதவீதம் என்றால் 'அருகியது', 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 'மிக அருகியது'.

சரிவை மட்டும்தான் பார்ப்பார்கள் என்றில்லை. மிகச் சின்ன இடத்தில் மட்டும் வளர்ந்து, அந்த இடமும் சுருங்கிக்கொண்டே போனால் அதற்கும் தனிக் கணக்கு உண்டு. மொத்தமே சில நூறு செடிகள்தான் மிச்சம் என்றால் அதற்கும் உண்டு.

இந்த அளவுகோலின்படி சடாமாஞ்சிலும் கோஷ்டமும் 'மிக அருகியவை'. அதிவிடயம் 'அருகியது'. மூன்றுக்கும் 2015ஆம் ஆண்டு வெளியான மதிப்பீடுதான் இன்றுவரை பரவலாக எடுத்துக்காட்டப்படுகிறது. அதைச் செய்தவர்கள் பெங்களூரில் இயங்கும் எஃப்ஆர்எல்ஹெச்டி என்ற மூலிகை ஆய்வு அமைப்பின் தாவரவியலாளர்கள்.

ஐந்தாயிரம் மீட்டர் மலையில் ஏறி, ஒவ்வொரு செடியாக யாராவது எண்ணினார்களா? இல்லை, அது நடக்கிற காரியம் இல்லை. சில பள்ளத்தாக்குகளில் மாதிரிக் கணக்கெடுப்பு, சந்தைக்கு வரும் அளவு, முன்பு ஒரு நாளில் கிடைத்த வேர் இப்போது எத்தனை நாளில் கிடைக்கிறது, பறிப்பவர்கள் எவ்வளவு தூரம் மேலே ஏற வேண்டியிருக்கிறது போன்ற தடயங்களை வைத்துத்தான் சரிவை மதிப்பிடுகிறார்கள். காவல்துறை தடயம் வைத்து வழக்கை நிரூபிப்பது மாதிரி. பத்து ஆண்டுகள் தாண்டிய மதிப்பீடுகளைப் 'புதுப்பிக்க வேண்டியது' என்று ஐயுசிஎன் தானே குறிப்பது வழக்கம். உலகில் அறியப்பட்ட தாவரங்களில் பெரும்பகுதி இன்னும் ஒருமுறைகூட மதிப்பிடப்படவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் ஒரு செடி பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

வேர்தான் மருந்து, அதுதான் பிரச்னை

துளசி இலையைக் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். நெல்லிக்காயைப் பறித்தால் மரம் அங்கேயே நிற்கும். சடாமாஞ்சில், கோஷ்டம், கடுகுரோகிணி, அதிவிடயம் ஆகியவற்றில் நமக்கு வேண்டியது மண்ணுக்குக் கீழே இருக்கும் வேர், கிழங்கு, அல்லது வேர்த்தண்டு. அதை எடுக்க வேண்டுமென்றால் செடியையே பிடுங்க வேண்டும். ஒரு அறுவடை, ஒரு சாவு. அவ்வளவுதான்.

இந்த உயரத்தில் வளர்ச்சியும் மெதுவாகத்தான் இருக்கும். ஆண்டில் பாதி நாள் பனி. மீதி நாட்களில் முளைத்து, இலை விட்டு, பூத்து, விதை போட்டு முடிக்க வேண்டும். சடாமாஞ்சில் விதையிலிருந்து முளைத்துப் பறிக்கும் பருவத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். விதை விழுவதற்கு முன்பே பிடுங்கிவிட்டால் அடுத்த தலைமுறையும் சேர்ந்து போகிறது.

உத்தராகண்ட் மலைக் கிராமங்களில் இதற்கு ஒரு பழைய வழக்கம் இருந்தது. ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் நந்தாஷ்டமி திருவிழாவுக்கு முன்னால் 'புக்யால்' என்று அவர்கள் சொல்லும் மலையுச்சிப் புல்வெளிகளில் பூவையோ மூலிகையையோ பறிக்கக்கூடாது. அங்கே சத்தம் போடக்கூடாது, பளிச்சென்று உடை உடுத்தக்கூடாது என்றுகூட விதிகள் உண்டு. தெய்வத்துக்குப் பயந்து வைத்த கட்டுப்பாடு என்று தோன்றும். நந்தாஷ்டமி வரும்போது பெரும்பாலான செடிகள் விதை முற்றிவிடும் என்பதை வைத்துப் பார்த்தால், அது ஒரு அறுவடைக் கால அட்டவணை. வெளியூர் ஒப்பந்தக்காரர்களுக்கும் அவர்கள் அழைத்து வரும் ஆட்களுக்கும் நந்தாதேவி குலதெய்வம் இல்லை. அட்டவணை அங்கேதான் உடைந்தது.

கோஷ்டத்தின் நூறாண்டுக் கதை

இந்த மொத்தப் பிரச்னையையும் புரிந்துகொள்ள ஒரே ஒரு செடியைப் பார்த்தால் போதும் என்றால், அது கோஷ்டம். சூரியகாந்திக் குடும்பம். ஆள் உயரத்துக்கு வளரும், ஊதா நிறப் பூ, கட்டையான நறுமண வேர். உத்தராகண்டின் மாநில மலரான பிரம்மகமலத்துக்கு நெருங்கிய சொந்தம்.

காஷ்மீரும் அதைச் சுற்றிய பள்ளத்தாக்குகளும்தான் இதன் தாய்வீடு. சீனாவில் ஊதுபத்திக்கும் மருந்துக்கும் இந்த வேருக்கு அவ்வளவு கிராக்கி இருந்ததால், காஷ்மீர் சமஸ்தானம் வணிகத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டது. 1921இல் இந்த ஒரு செடிக்காகவே 'கூட் சட்டம்' என்று தனிச் சட்டம் போட்டது. செடியைக் காப்பாற்ற வேண்டும் என்பதைவிட வருமானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அதே 1920களில் ரோத்தாங் கணவாய்க்கு அப்பால், இன்றைய ஹிமாச்சலின் லாஹௌல் பள்ளத்தாக்கில் விவசாயிகள் கோஷ்டத்தை வயலில் பயிரிட ஆரம்பித்தார்கள். அது பிடித்துக்கொண்டது. லாஹௌலின் முதல் பணப்பயிர் கோஷ்டம்தான். ஆண்டுக்கு ஒரு போகம், பார்லி, பக்வீட் என்று இருந்த ஊரில் கையில் காசு புரள ஆரம்பித்தது இதனால்தான். பிறகு சீனச் சந்தை சுருங்கியது, விலை விழுந்தது, உருளைக்கிழங்கும் பட்டாணியும் அந்த வயல்களைப் பிடித்துக்கொண்டன.

இதற்கிடையே இந்தியாவிலிருந்து போன கோஷ்டம் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் வேரூன்றியது. இன்று அங்கே அது பெரிய அளவில் பயிராகிறது. யுன்னானின் பெயரைச் சேர்த்தே சீன மருத்துவத்தில் அந்த வேரை அழைக்கிறார்கள். தாய்வீட்டில் 'மிக அருகியது', புகுந்த வீட்டில் வயல் வயலாக விளைகிறது.

இது முரண்பாடு மாதிரி தோன்றும். ஆனால் சிவப்புப் பட்டியல் காட்டில் தானாக வளரும் செடிகளைத்தான் கணக்கில் எடுக்கும். வயலில் கோடிச் செடிகள் இருந்தாலும் காட்டில் பத்து இருந்தால், கணக்கு பத்துதான். காட்டுச் செடியிடம்தான் நோயையும் வறட்சியையும் தாங்கும் மரபணு வேறுபாடுகள் பரந்து கிடக்கும். வயலில் இருப்பது பெரும்பாலும் சில செடிகளின் பிள்ளைகள்.

நூறு ஆண்டாகச் சட்டம் இருந்தது, பயிரும் இருந்தது. இரண்டும் இருந்தும் காட்டுக் கோஷ்டம் சரிந்தது. ஏன் என்பதற்கு அடுத்த பகுதியில் கொஞ்சம் பதில் இருக்கிறது.

மூன்று பட்டியல்கள், மூன்று வேலைகள்

செய்திகளில் 'அழிந்துவரும் தாவரமாக அறிவிக்கப்பட்டது' என்று படிக்கும்போது, உடனே அதைப் பறிப்பது குற்றமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் இங்கே மூன்று வெவ்வேறு பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்றில் பெயர் இருந்தால் மற்றதில் இருக்கும் என்று இல்லை.

முதலாவது நாம் மேலே பார்த்த சிவப்புப் பட்டியல். அது டாக்டரின் ரிப்போர்ட் மாதிரி. நோய் எவ்வளவு தீவிரம் என்று சொல்லும், மருந்து கொடுக்காது. அதை மீறினால் யாரும் சிறைக்குப் போக மாட்டார்கள், ஏனென்றால் மீறுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது சைட்டிஸ் உடன்படிக்கை. 1975இல் அமலுக்கு வந்தது, இந்தியா 1976இல் சேர்ந்தது. நாட்டு எல்லையைத் தாண்டும் வணிகத்தை மட்டும்தான் இது கட்டுப்படுத்தும். கோஷ்டம் 1985 முதல் இதன் முதல் இணைப்பில் இருக்கிறது, அதாவது காட்டில் எடுத்ததை வணிகத்துக்காக எல்லை தாண்டி அனுப்பவே கூடாது. பயிர் செய்ததை ஆவணத்தோடு அனுப்பலாம். சடாமாஞ்சிலும் கடுகுரோகிணியும் 1997இல் இரண்டாம் இணைப்புக்கு வந்தன. அவற்றை அனுமதிச் சீட்டோடு விற்கலாம்.

இரண்டாம் இணைப்பில் ஒரு பெரிய விதிவிலக்கு இருக்கிறது. சில்லறை விற்பனைக்குத் தயாராகப் பேக் செய்யப்பட்ட பொருளுக்கு இந்த இரண்டு செடிகளின் விஷயத்தில் சைட்டிஸ் பொருந்தாது. ஒரு மூட்டை வேர் எல்லை தாண்டினால் பெர்மிட் வேண்டும். அதே வேர் கூந்தல் தைலமாக மாறி, பாட்டிலில் லேபிள் ஒட்டிக்கொண்டு போனால் வேண்டாம். நேபாளத்தின் ஹும்லா, ஜும்லா போன்ற மலை மாவட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு வரும் சடாமாஞ்சில் வேர் சைட்டிஸ் வரம்புக்குள் வரும். கட்வாலில் தோண்டி சென்னைக்கு வருவது வராது, அது உள்நாட்டு வணிகம்.

மூன்றாவது நம் சொந்தச் சட்டம், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972. 'வன உயிரினம்' என்றதும் மிருகம்தான் ஞாபகத்துக்கு வரும். சட்டத்துக்கும் அப்படித்தான் வந்தது போல. முதல் இருபது ஆண்டுகள் குறிப்பிட்ட தாவரங்களுக்கு என்று தனி அத்தியாயமே இல்லை. 1991 திருத்தத்தில்தான் அது சேர்ந்தது, அதுவும் ஆறே ஆறு பதிவுகளோடு. அந்த ஆறில் கோஷ்டம் ஒன்று. மற்றவை ஒரு வகை ஈந்து, மேகாலயாவின் குடுவைச் செடி, மூன்று ஆர்க்கிட் பதிவுகள். 2022 திருத்தத்துக்குப் பிறகு தாவரங்கள் மூன்றாம் அட்டவணைக்கு மாற்றப்பட்டன, பட்டியலும் நீண்டது. அப்போதுதான் நம் நீலக்குறிஞ்சியும் உள்ளே வந்தது. பொதுவான மீறல்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. அபராத வரம்பு 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமானது.

குறிஞ்சியை இங்கே கவனியுங்கள். 2024இல் அது சிவப்புப் பட்டியலில் 'அழிவாய்ப்புள்ளது' என்று மதிப்பிடப்பட்டபோது எல்லா ஊடகத்திலும் செய்தி வந்தது. எங்கள் துறையையும் சேர்த்தே சொல்கிறேன்: மலை முழுக்க நீலமாகப் பூக்கும் செடிக்குத் தலைப்புச் செய்தி உண்டு. மண்ணுக்குள் இருக்கும் பழுப்பு வேர், அதைவிட இரண்டு படி மோசமான நிலையில் இருந்தாலும், போட்டோவில் நன்றாக வராது.

தோண்டுவது யார்?

வில்லனைத் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் மலைக் கிராமத்துக் குடும்பங்கள். கோடையில் ஆடு மாடுகளோடு புக்யாலுக்கு ஏறுகிறார்கள், இறங்கும்போது முதுகில் ஒரு மூட்டை வேர். வேறு வருமானம் குறைவான இடங்களில் பிள்ளைகளின் படிப்புச் செலவு அந்த மூட்டையில்தான் இருக்கும்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூலிகை, வேர், கிழங்கு எல்லாவற்றையும் 'சிறு வனப் பொருள்' என்று வரையறுத்து, அதைச் சேகரிக்கும் உரிமையைக் காட்டில் வாழும் மக்களுக்குக் கொடுத்திருக்கிறது. வன உயிரினச் சட்டமும், அட்டவணைத் தாவரமாகவே இருந்தாலும், பழங்குடியினர் தாங்கள் வாழும் மாவட்டத்துக்குள் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. சொந்தக் காய்ச்சலுக்கு ஒரு துண்டு அதிவிடயம் எடுக்கும் குடும்பத்தால் எந்தச் செடியும் அழிந்ததில்லை. டன் கணக்கில் கேட்கும் சந்தைதான் கணக்கை மாற்றியது.

அந்தச் சந்தை எவ்வளவு பெரியது? தேசிய மருத்துவத் தாவர வாரியம் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் 1,178 மருத்துவத் தாவர இனங்கள் வணிகத்தில் இருக்கின்றன. அவற்றில் 242 இனங்கள் ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் விற்பனையாகின்றன. வேர் கிராமத்து முகவரிடம் போகும். அங்கிருந்து ரிஷிகேஷ், ராம்நகர், தனக்பூரில் உள்ள மூலிகை மண்டிகள். அடுத்து டெல்லியின் காரி பாவ்லி, பிறகு விருதுநகர், சென்னை. ஒவ்வொரு கையிலும் மூட்டைகள் கலக்கும். பத்துக் கிராமத்து வேர், காட்டு வேர், வயல் வேர், நேபாளத்து வேர் எல்லாம் ஒரே சாக்கில். கடைசியில் கடைக்காரரிடம் 'இது எங்கிருந்து?' என்று கேட்டால், 'வடக்கேயிருந்து' என்பார். அவர் மறைக்கவில்லை. அவருக்கே அவ்வளவுதான் தெரியும்.

பயிர் செய்தால் தீருமா?

பாதி தீரும். உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் கேஸ் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே விவசாயிகள் கடுகுரோகிணியை வயலில் வளர்க்கிறார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் அறுவடை. உருளைக்கிழங்கு மாதிரி காட்டுப்பன்றியும் குரங்கும் வந்து தின்னாது, ஏனென்றால் பெயரிலேயே 'கடு' இருக்கிறது, அவ்வளவு கசப்பு. இதற்கான நாற்று உத்தி, விதை முளைப்பு ஆய்வு எல்லாம் கட்வாலின் ஸ்ரீநகரில் உள்ள உயர்மலைத் தாவர ஆய்வு மையத்தில் பல ஆண்டுகளாக நடக்கிறது. பாலம்பூரில் உள்ள சிஎஸ்ஐஆர் ஆய்வகமும் இதில் இருக்கிறது.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விவசாயி நாற்று வாங்கி, களை எடுத்து, மூன்று ஆண்டுகள் நிலத்தைப் பூட்டி வைத்து ஒரு கிலோ வேரை உருவாக்குகிறார். காட்டில் தோண்டுபவருக்கு அந்த மூன்று ஆண்டுச் செலவு இல்லை, உழைப்பு மட்டும்தான். மண்டியில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே விலை. போதாக்குறைக்கு, 'காட்டு வேருக்குத்தான் வீரியம் அதிகம்' என்று நம்பும் வாங்குபவர்களும் உண்டு.

காகித வேலை அடுத்த தலைவலி. கோஷ்டம் மாதிரி அட்டவணையில் இருக்கும் செடியை வளர்க்கவே மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் லைசென்ஸ் வேண்டும், விற்க இன்னொரு லைசென்ஸ். விதியின் நோக்கம் புரிகிறது: காட்டில் திருடியதை 'எங்க வயலில் விளைந்தது' என்று சொல்லித் தப்பிக்கக்கூடாது. ஆனால் நடைமுறையில் இந்தச் சுமை முழுவதும் முகவரி தெரிந்த விவசாயியின் தலையில் விழுகிறது. ராத்திரியில் மூட்டையோடு இறங்குபவர் லைசென்ஸ் கேட்டு எந்த அலுவலகத்துக்கும் போவதில்லை. என் பார்வையில், இமயமலை மூலிகைப் பாதுகாப்பில் மிகவும் பலவீனமான கண்ணி இதுதான். தண்டனையைக் கூட்டுவதைவிட, வயலில் விளைந்ததை வயலில் விளைந்தது என்று எளிதாக, மலிவாக நிரூபிக்க வழி செய்வது அதிக வேர்களைக் காப்பாற்றும்.

எல்லா ஆபத்தும் சந்தையால் வருவதில்லை

2022 டிசம்பரில், கனடாவின் மாண்ட்ரீயலில் ஐநா பல்லுயிர் மாநாடு நடந்த நேரத்தில், சிவப்புப் பட்டியலின் புதிய பதிப்பு வந்தது. இமயமலை மூலிகைகள் மூன்று அதில் புதிதாக இடம்பிடித்தன. லில்லிக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபிரிட்டிலாரியா சிரோசா 'அழிவாய்ப்புள்ளது'. சாலம்பஞ்சா என்ற ஆர்க்கிட் 'அருகியது'. இதன் கிழங்கு விரல் விரித்த கை மாதிரி இருப்பதால் 'பஞ்சா' என்று பெயர். இரண்டுமே மருந்துக்காகத் தோண்டப்படுபவை. சாலம்பஞ்சாவுக்கு மேய்ச்சலும் காடழிப்பும் கூடுதல் அடி.

மூன்றாவது 'பட்வா' என்ற புதர், 'மிக அருகியது'. உலகத்திலேயே உத்தராகண்டில் மட்டும்தான் இருக்கிறது. நைனிதால் பக்கம் பட்வாடாங்கர் என்ற இடத்துக்கே இதன் பெயர்தான். அது வாழும் இடத்தின் பரப்பைக் கூட்டினால் 10 சதுர கிலோமீட்டர்கூட வராது. இதற்குப் பிரச்னை காடு துண்டாவதும் காட்டுத்தீயும். கோடைதோறும் குமாவூன் மலைகளில் சீர் பைன் காடுகள் பற்றி எரிவதை டிவியில் பார்க்கிறோமே, அப்படி ஒரு தீ இடம் தவறிப் பிடித்தால் ஒரு இனத்தின் பெரும்பகுதி ஒரு மதியத்தில் போய்விடலாம். இங்கே லைசென்ஸ், பெர்மிட் எதுவும் உதவாது. தீத்தடுப்புக் கோடும், விதையைச் சேமித்து வேறு இடத்தில் வளர்த்து வைப்பதும்தான் உதவும்.

எல்லாவற்றுக்கும் மேலே பருவநிலை மாற்றம். வெப்பம் கூடக்கூடச் செடிகள் குளிர்ச்சியைத் தேடி மேலே நகரும். மலையோ கூம்பு, மேலே போகப்போக இடம் குறையும். உச்சிக்கு மேல் நகர இடமே இல்லை.

சரி, பொட்டலத்தில் என்ன பார்ப்பது?

சடாமாஞ்சில் வாங்குவதையே நிறுத்த வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். எல்லாரும் நிறுத்தினால் கேஸ் கிராமத்து விவசாயியும்தான் நஷ்டப்படுவார். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது காட்டு வேரா, வயல் வேரா?

இதைச் சொல்லக்கூடிய முத்திரைகள் ஏற்கெனவே இருக்கின்றன. தேசிய மருத்துவத் தாவர வாரியமும் இந்தியத் தரக் கவுன்சிலும் சேர்ந்து மூலிகை விளைபொருளுக்கு ஒரு தன்னார்வச் சான்றிதழ் திட்டம் நடத்துகின்றன. அதில் பயிர் செய்ததற்கு ஒரு தர விதிமுறை, காட்டில் முறையாகச் சேகரித்ததற்கு இன்னொன்று. சர்வதேச அளவில் 'ஃபேர்வைல்ட்' என்ற முத்திரை, காட்டு மூலிகையை எவ்வளவு எடுத்தால் செடி தாங்கும் என்பதையும் சேகரிப்பவருக்கு என்ன கூலி போகிறது என்பதையும் பார்க்கிறது. 'தன்னார்வம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நிறுவனம் விரும்பினால்தான் சான்றிதழ்.

வெல்னஸ் ஸ்டார்ட்அப்பிலோ, ஒரு காஸ்மெடிக்ஸ் பிராண்டின் கொள்முதல் பிரிவிலோ நீங்கள் வேலை பார்க்கலாம். அப்படியானால் உங்கள் கையில் இருப்பது ஐம்பது கிராம் பொட்டலம் இல்லை, டன் கணக்கில் ஆர்டர். சப்ளையரிடம் பயிர்ச் சான்றிதழோ, வனத்துறையின் சட்டபூர்வக் கொள்முதல் ஆவணமோ கேட்கலாம். எந்த மாவட்டம், எந்த ஆண்டு அறுவடை என்று பில்லில் எழுதச் சொல்லலாம். 'எத்திகலி சோர்ஸ்ட்' என்று பாட்டிலில் அச்சடிப்பதற்கு முன் அந்த இரண்டு காகிதங்கள் ஃபைலில் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஒரு மதிய வேலை.

கடைக்காரரிடமும் கேட்கலாம். முதல் தடவை 'வடக்கேயிருந்து' என்றுதான் பதில் வரும். அவர் அதே கேள்வியை விருதுநகர் மொத்த வியாபாரியிடம் கேட்க வேண்டுமென்றால், அவரிடம் நாலு பேர் கேட்டிருக்க வேண்டும்.